142857: அட்டைச் சக்கரத்தில் ஓர் எண்

முதல் சக்கரம் தவறிப்போனது. கெட்டி அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, அறுபது அறுபது பாகையாக ஆறு கூறு போட்டு, ஓரத்தில் 1, 4, 2, 8, 5, 7 என்று வலமாக எழுதினேன். அதைவிடப் பெரிய இன்னொரு வட்டத்தை அடியில் வைத்து, உச்சியில் ஓர் அம்புக்குறி போட்டு, அதன் விளிம்பில் 1 முதல் 6 வரை வரிசையாக எழுதினேன். நடுவில் துளையிட்டு, கால் மடங்கும் பித்தளைக் கொக்கியால் இரண்டையும் பிணைத்தேன். மேல் வட்டத்தை ஒரு கூறு திருப்பினால் 2-ஆல் பெருக்கிய விடை, இரண்டு கூறு திருப்பினால் 3-ஆல் பெருக்கிய விடை என்று அம்புக்குறியிலிருந்து படித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

142857 பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று புரியும். அதை 2-ஆல் பெருக்கினால் 285714. 3-ஆல் பெருக்கினால் 428571. 4-ஆல் 571428, 5-ஆல் 714285, 6-ஆல் 857142. ஆறு பெருக்கலிலும் அதே ஆறு இலக்கங்கள், அதே சுற்று வரிசையில். தொடங்கும் இடம் மட்டும்தான் மாறுகிறது. 7-ஆல் பெருக்கினால் சுற்று நின்று 999999 வந்துவிடும். சக்கரமாகச் செய்வதற்கென்றே பிறந்த எண் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஒரு கூறு திருப்பினேன். அம்புக்குறிக்கு நேரே 4 வந்தது. படித்தால் 428571. அது 3-ஆல் பெருக்கிய விடை, 2-ஆல் அல்ல. இன்னொரு கூறு திருப்பினால் 285714, இது 2-ஆல் பெருக்கியது. அடுத்தது 857142, ஆறு மடங்கு. என் 1, 2, 3, 4, 5, 6 வரிசைக்கு அங்கே இடமே இல்லை. பெரிய வட்டத்தில் எழுதியதை அழித்து, ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்து, 1, 3, 2, 6, 4, 5 என்று மாற்றி எழுதினேன். சக்கரம் சரியாக வேலை செய்தது. ஆனால் வேலை செய்யும் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த 1, 3, 2, 6, 4, 5 எங்கிருந்து வந்தது?

கிடைத்த இடம் மிகச் சாதாரணமானது. பள்ளியில் செய்த நெடு வகுத்தலை மறுபடி செய்தேன். 1-ஐ 7-ஆல் வகுக்கிறோம்.

10-ல் ஏழு ஒரு முறை, மீதி 3.
30-ல் நான்கு முறை, மீதி 2.
20-ல் இரண்டு முறை, மீதி 6.
60-ல் எட்டு முறை, மீதி 4.
40-ல் ஐந்து முறை, மீதி 5.
50-ல் ஏழு முறை, மீதி 1.

மீதி 1 வந்ததும் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். ஈவுகளை மேலிருந்து கீழே படித்தால் 1, 4, 2, 8, 5, 7. தொடங்கிய 1-ஐயும் சேர்த்து மீதிகளைப் படித்தால் 1, 3, 2, 6, 4, 5. என் அட்டையின் வெளி விளிம்பில் நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்து எழுதிய அதே வரிசை!

காரணமும் அந்த வரிகளிலேயே இருக்கிறது. முதல் இலக்கம் 1 எழுதி முடித்ததும் கையில் இருப்பது மீதி 3. அந்த நொடியிலிருந்து நான் செய்துகொண்டிருப்பது 3-ஐ 7-ஆல் வகுக்கும் வேலை. ஆகவே ஏழில் மூன்று பங்கின் தசம விரிவு அதே தாளில், ஓர் இலக்கம் தள்ளி, ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றால் பெருக்குவதும் ஓர் இலக்கம் தள்ளிப் படிப்பதும் ஒன்றுதான். 7-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் 1 முதல் 6 வரை ஆறே ஆறு. ஆறும் ஒரே சுற்றில் வந்துவிடுவதால் ஆறு பெருக்கலுக்கும் அதே சக்கரம் போதும். இதற்குமுன் எத்தனையோ தடவை இந்த எண்ணை வியந்து பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் பார்த்தது ஈவுகளை. பார்த்திருக்க வேண்டியது மீதிகளை.

அதன்பிறகு சக்கரத்தில் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு கூறு திருப்பினால் மீதி மூன்று மடங்காகிறது: 1, 3, பிறகு 9 வரவேண்டிய இடத்தில் ஏழைக் கழித்து 2, பிறகு 6, பிறகு 18 என்பது 4, பிறகு 12 என்பது 5. இரண்டிரண்டு கூறாகத் திருப்பினால் இரட்டிப்பு: 1, 2, 4, மறுபடி 1. இந்த இரட்டிப்புக்கு ஓர் அழகான நிழல் இலக்கங்களிலும் உண்டு. எண்ணை 14, 28, 57 என்று இரண்டிரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 14-ன் இரட்டை 28, அதன் இரட்டை 56. கடைசியில் ஒன்று கூடியிருப்பது ஏன்? கட்டம் போட்ட தாளில் 14, 28, 56, 112, 224, 448 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் முந்தையதைவிட இரண்டு கட்டம் வலப்பக்கம் தள்ளி எழுதிக் கூட்டினேன். 112-ன் முதல் 1 இடப்பக்கம் ஏறி 56-ஐ 57 ஆக்குகிறது. மிஞ்சிய 12-உடன் 224-ன் முதல் 2 சேர்ந்து 14. மிஞ்சிய 24-உடன் 448-ன் 4 சேர்ந்து 28. படிக்கட்டு முழுக்க 14, 28, 57 திரும்பத் திரும்ப விழுகிறது. 100-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 2 என்பதுதான் இதற்குள் இருக்கும் செய்தி.

சக்கரத்தில் அடுத்துக் கண்ணில் பட்டது எதிரெதிர் இலக்கங்கள். 1-க்கு நேர் எதிரே 8. 4-க்கு எதிரே 5. 2-க்கு எதிரே 7. எல்லாச் சோடியும் ஒன்பது. வெளி விளிம்பில் 1-க்கு எதிரே 6, 3-க்கு எதிரே 4, 2-க்கு எதிரே 5. எல்லாச் சோடியும் ஏழு. எண்ணை நடுவில் வெட்டிக் கூட்டினால், 142-உம் 857-உம் சேர்ந்து 999. மூன்றாக வெட்டினால் 14, 28, 57 சேர்ந்து 99. இரண்டு பாதிகள் சேர்ந்து ஒன்பதுகளாகும் இந்தப் பண்பைப் பொதுவாக விளக்கியவர் மிடி என்ற பிரெஞ்சுக்காரர், 1836-ல்.

பொது நிரூபணத்தைப் படிப்பதற்குமுன் எனக்கென்று ஒரு குறுக்குவழி வேண்டியிருந்தது. எண்ணைக் காரணிப்படுத்தினேன்: மூன்று 3-கள், 11, 13, 37. இதில் 27-ஐயும் 37-ஐயும் பெருக்கினால் 999. 11-ஐயும் 13-ஐயும் பெருக்கினால் 143. ஆக 142857 என்பது 143 × 999. அதாவது 143000-லிருந்து 143-ஐக் கழித்தது. கழித்துப் பாருங்கள். ஆயிரங்களில் ஒன்று குறைந்து 142 நிற்கும். பின்னால் 1000-லிருந்து 143 போய் 857 நிற்கும். ஒன்று குறைந்த அதே 143-ம், ஆயிரத்துக்கு மிச்சமும் சேர்ந்தால் 999 வராமல் வேறென்ன வரும்? 7 × 143 = 1001 என்பதால்தான் இந்த 143 உள்ளே இருக்கிறது. இந்த ஒரு கழித்தலைத் தாளில் போட்டுப் பார்த்த நிமிடம் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம்.

6-க்கு மேலே பெருக்கினால்? 8-ஆல் பெருக்கினால் 1142856. உருக்குலைந்தது போலத் தெரியும். ஆனால் கடைசி ஆறு இலக்கங்களை ஒரு பக்கம் வைத்து, முன்னால் மிஞ்சிய 1-ஐ அதில் கூட்டினால் 142857. பெரிய எண்ணாக எடுப்போம் என்று 365-ஆல் பெருக்கினேன்: 52142805. மடித்துக் கூட்டினால் 52 + 142805 = 142857. இங்கே 52 என்பது ஒரு வருடத்தின் முழு வாரங்கள். மிஞ்சிய ஒரு நாளுக்குத்தான் எண் தன் முதல் வடிவத்தில் வந்து நிற்கிறது. 366-ஆல் பெருக்கி மடித்தால் 285714, இரண்டு நாள். எந்த எண்ணால் பெருக்கினாலும் இப்படித்தான். பெருக்கும் எண்ணில் எத்தனை முழு ஏழுகளோ அத்தனை 999999-கள். மடித்துக் கூட்டும்போது அவை கரைந்துவிட, மீதி மட்டும் நிற்கும். பெருக்கும் எண் ஏழின் மடங்கானால் மீதி இல்லை, 999999 மட்டும்தான் வரும்.

அப்படியென்றால் அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால்? 142857-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 20408, மீதி 1. ஆகவே அதன் வர்க்கத்தை மடித்தால் அதே எண் வரவேண்டும். வர்க்கம் 20408122449. முன்பாதி 20408, பின்பாதி 122449. கூட்டினால் 142857. வர்க்கத்தை வெட்டிக் கூட்டினால் தானே திரும்பி வரும் இத்தகைய எண்களுக்குக் கப்ரேக்கர் எண்கள் என்று பெயர்.

அடுத்தது வரைபடத் தாள். இந்த எண்ணை வைத்து ஒரு நீள்வட்டம் வரையலாம் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். கையால் வரைந்து பார்த்ததில்லை. அடுத்தடுத்த இலக்கங்களைச் சோடியாக்க வேண்டும்: (1,4), (4,2), (2,8), (8,5), (5,7), (7,1). முதல் எண் குறுக்கே, இரண்டாவது மேலே. ஓர் அலகுக்கு 2 சென்டிமீட்டர் வைத்து ஆறு புள்ளிகளையும் குறித்தேன். சுற்றி வரும் கோடு வளைந்து வருவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

நீள்வட்டத்தை நூலும் இரண்டு குண்டூசியும் கொண்டு வரைவதென்றால் குண்டூசிகளைக் குத்தவேண்டிய குவியங்கள் எங்கே என்று தெரியவேண்டும். மையம் எளிது: எதிரெதிர் புள்ளிகளின் நடுப்புள்ளி, (4.5, 4.5). புள்ளிகளை அங்கிருந்து அளந்து, மூன்று சமன்பாடுகளைத் தீர்த்துக் கணக்குப் போட்டதில் குவியங்கள் ஏறக்குறைய (9.15, 1.89), (−0.15, 7.11) என்று வந்தன. ஒன்று y-அச்சுக்கு இடப்புறம் ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது. எனவே தாளில் இடப்பக்கம் இடம் விட்டுத் தொடங்க வேண்டும். நூலின் நீளம் 11.72 அலகு, அதாவது என் தாளில் 23.4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

நூலை அளந்து வெட்டி, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டி வரைந்தேன். வளைவு எல்லாப் புள்ளிகளுக்கும் உள்ளே போனது. கணக்குத் தவறோ என்று மறுபடி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். கணக்குச் சரி. இரண்டு முடிச்சும் சேர்ந்து நான்கு மில்லிமீட்டர் நூலை விழுங்கியிருந்தன. நான்கு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் இந்த நீள்வட்டம் ஒடுக்கமானது, ஊசிகள் அதன் முனைகளுக்கு அருகே இருக்கின்றன. அப்படிப்பட்டதில் நூல் நான்கு மில்லிமீட்டர் குறைந்தால் அகலவாட்டில் ஒவ்வொரு பக்கமும் அரை சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். முடிச்சுப் போட்டபின் ஊசிக்கு ஊசி அளந்து மறுபடி வரைந்தேன். பென்சில் முனை ஆறு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது.

வியப்பு அடங்கியதும், இதில் எவ்வளவு அதிசயம், எவ்வளவு அவசியம் என்று பிரித்துப் பார்க்க விரும்பினேன். எதிரெதிர் இலக்கங்கள் ஒன்பதாகக் கூடுவதால் ஆறு புள்ளிகளும் மையத்தைச் சுற்றி மூன்று எதிர்ச்சோடிகளாக நிற்கின்றன. மையம் தெரிந்த ஒரு கூம்பு வளைவை (கூம்பை வெட்டினால் கிடைக்கும் வளைவு: மூடிய நீள்வட்டம், இரண்டு கிளையாகத் திறந்து விரியும் அதிபரவளையம் போன்றவை) நிர்ணயிக்க மூன்று கெழுக்கள் போதும். ஆகவே சோடிக்கு ஒரு புள்ளி கொடுத்தால் வளைவு நிர்ணயமாகிவிடும், எதிர்ப்புள்ளிகள் தாமாகவே அதன்மேல் வந்துவிடும். ஏதோ ஒரு கூம்பு வளைவு கிடைப்பது மிடியின் பண்பினால் வரும் விளைவு, அவ்வளவே. அது அதிபரவளையமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதுதான் 142857-க்கு வாய்த்தது.

இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. 13-ஐ எடுத்துச் சோதித்தேன். பதின்மூன்றில் ஒரு பங்கின் தசமம் 076923. மீதிகள் 1, 10, 9, 12, 3, 4 என்று ஆறோடு சுற்று முடிந்துவிடுகிறது. மிச்ச ஆறு மீதிகளும் (2, 7, 5, 11, 6, 8) வேறொரு சுற்று, அதன் இலக்கங்கள் 153846. ஆகவே 13-க்கு ஒரு சக்கரம் போதாது, இரண்டு வேண்டும். 076923-ஐ 3-ஆல் பெருக்கினால் 230769, அதே சக்கரம். 2-ஆல் பெருக்கினால் 153846, அடுத்த சக்கரத்துக்குத் தாவிவிடும். இரண்டிலும் எதிரெதிர் இலக்கங்கள் ஒன்பதுதான். ஆகவே இரண்டுக்கும் கூம்பு வளைவு உண்டு.

முதல் சுற்றின் புள்ளிகளைக் குறித்தேன்: (0,7), (7,6), (6,9), (9,2), (2,3), (3,0). (6,9)-ஐயும் (9,2)-ஐயும் இணைத்து அளவுகோலால் கோடு போட்டால், (7,6) அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் விழுகிறது. நீள்வட்டத்தின் மேலுள்ள ஆறு புள்ளிகளில் ஒன்று மற்றவற்றின் சூழலுக்குள் விழவே முடியாது. ஆகவே இது நீள்வட்டமல்ல, அதிபரவளையம். இரண்டாவது சுற்றிலும் (5,3) அப்படியே உள்ளே விழுகிறது. அதுவும் அதிபரவளையம்தான். ஓர் அளவுகோலும் ஒரு கோடும் போதுமானதாக இருந்தது. ஏழின் புள்ளிகளை இரண்டிரண்டு இலக்கமாக, (14,28), (42,85), (28,57) என்று எடுத்தாலும் நீள்வட்டம்தான் வருகிறது, முன்னதைவிட இன்னும் ஒல்லியாக.

ஒரே சக்கரத்தில் அடங்கும் அடுத்த பகா எண் 17. மீதிகள் பதினாறு, ஆகவே ஒரு கூறுக்கு 22.5 பாகை. கோணமானியில் அரைப் பாகையைக் கண்ணால் ஊகிப்பதைவிட, வட்டத்தை நான்கு தடவை பாதிபாதியாக மடிப்பது துல்லியமாக வந்தது. இலக்கங்களுக்குக் கையாலேயே வகுத்தேன். பதின்மூன்றாவது இலக்கத்தில் ஒரு பிழை. 130-ல் 17 ஏழு முறை, 119 போக மீதி 11. நான் 121 என்று கழித்து மீதி 9 என்று எழுதிவிட்டேன். அடுத்து 90, ஈவு 5, மீதி 5. பிறகு 50, ஈவு 2, மீதி 16. இவை எல்லாம் மேலே ஏற்கெனவே எழுதியவை. சுற்று 1-க்குத் திரும்பாமல் நடுவிலேயே வளைந்து போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முழுவதையும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. மேலே 6 என்ற மீதியிலிருந்து ஒருமுறை 9-க்கு வந்திருந்தேன். இப்போது 13-லிருந்தும் 9-க்கு வந்திருக்கிறேன். பத்தும் 17-உம் பொதுக் காரணி இல்லாதவை என்பதால் இரண்டு வெவ்வேறு மீதிகள் ஒரே மீதிக்குப் போய்ச்சேரவே முடியாது. ஆகவே இரண்டில் ஒன்று தப்பு. திருத்தியபின் வந்தது 0588235294117647. பாதியில் வெட்டினால் 05882352-உம் 94117647-உம் சேர்ந்து 99999999.

பெருக்கிச் சரிபார்க்க விரிதாளைத் திறந்தேன். 2-ஆல் பெருக்கினால் 1176470588235294 வரவேண்டும். திரையில் கடைசி இலக்கம் 4-க்குப் பதில் 0. நான் பயன்படுத்திய விரிதாள் பதினைந்து இலக்கம்வரைதான் வைத்துக்கொள்ளும், இது பதினாறு. அந்த ஒரு 0-ஐ நம்பியிருந்தால் சரியான சக்கரத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். இந்த வேலைக்கு, எல்லா இலக்கத்தையும் காக்கும் நிரல்மொழியோ பொறுமையான பென்சிலோதான் சரி.

17-ன் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். பத்தைவிடப் பெரிய எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் முதல் இலக்கம் பூஜ்யம்தான். முன்னால் பூஜ்யம் இல்லாமல் இப்படிச் சுழலும் எண் பதின்ம முறையில் 142857 ஒன்றே.

100-க்குக் கீழுள்ள 25 பகா எண்களில் ஒரே சக்கரத்தில் அடங்குபவை ஒன்பது: 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97. இந்த வகைச் சுற்றுகளை 1801-லேயே காஸ் தன் எண்கோட்பாட்டு நூலில் ஆராய்ந்து, 100-க்குக் கீழ் அட்டவணையே போட்டு வைத்தார். இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா? எமில் ஆர்ட்டின் 1927-ல் சொன்ன அனுமானப்படி உண்டு, எல்லாப் பகா எண்களிலும் ஏறக்குறைய 37.4 சதவீதம் இவை. கிறிஸ்டோபர் ஹூலி 1967-ல் அதை நிரூபித்தார், ஆனால் பொதுமைப்படுத்திய ரீமன் கருதுகோள் என்ற, இன்னும் நிரூபிக்கப்படாத ஓர் ஊகம் உண்மை என்று வைத்துக்கொண்டால். அந்தத் துணை இல்லாத நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை. நெடு வகுத்தல் தெரிந்த ஒரு குழந்தைக்குப் புரியும் கேள்வி, முடிவில்லாமல் உண்டா என்பதே நிரூபிக்கப்படாமல் நிற்கிறது என்பது என்னை உறங்கவிடாத விஷயம்.

இப்போது மேசையில் 19-ன் அட்டை இருக்கிறது. பதினெட்டுக் கூறு, ஒவ்வொன்றும் 20 பாகை, கோணமானிக்கு வசதியானது. இதற்கு வகுக்கக்கூட வேண்டாம். கடைசி இலக்கம் 1 என்று எழுதி, இடப்பக்கமாக இரட்டித்துக்கொண்டே போகலாம்: 1, 2, 4, 8, அடுத்து 16, அதில் 6 எழுதி 1 கையில், அடுத்து 12-உம் 1-உம் 13, அதில் 3 எழுதி 1 கையில். பத்தின் இரட்டை 20, அது 19-ஐ விட ஒன்று அதிகம், அதனால் பின்னோக்கி ஓர் இலக்கம் நகர்வது இரட்டிப்பதாக அமைகிறது. இப்படி இடப்பக்கமாக எழுதி முடித்ததில் 052631578947368421 வந்திருக்கிறது. 0-க்கு எதிரே 9, 5-க்கு எதிரே 4, 2-க்கு எதிரே 7. கொக்கி மாட்ட வேண்டியதுதான் பாக்கி.